நம்மில் ஒருத்தியின் தகப்பனார்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் மடத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் என்னைத்தான் வாசலில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருக்கும் சிஸ்டர்கள் வெளியாட்களோடு பேசக் கூடாது. வாசல் சிஸ்டர் பேசலாம். பேசத் தெரிந்தவளாகப் பார்த்து உட்கார வைத்ததாக மதர் சொன்னார். வாசலில் கேட்டதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் அதே மூச்சில் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஐம்பதுகளின் பின்பாதி.

திண்டுக்கல்லின் ஓரத்தில், ஓர் உயரமான சுவருக்குள் நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். டொமினிக்கன் சபைக் கன்னியர். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைச் சிஸ்டர்கள். வெள்ளை உடுப்பை எங்களுக்கு நியமித்தவர் திண்டுக்கல்லில் ஒரே ஒரு கோடையைக் கழித்திருந்தால் வேறு நிறம் பார்த்திருப்பார் என்று நான் சொல்லி, அதற்காக ஒருமுறை தண்டனையும் வாங்கியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. சித்திரையில் அந்த உப்புத் தண்ணீரும் அடியில் போய்விடும். காற்று ஒரு பக்கமாகத் திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை கோயிலுக்குள் வரும். அந்த வாடையில்தான் சாம்பிராணி போட்டு இலத்தீனில் வேத சங்கீதம் பாடினோம்.

எங்கள் வேலை மன்றாடுவது. பகலும் இரவும் யாராவது ஒருத்தி மாற்றி மாற்றிப் பீடத்தின் முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற நேரத்தில் சுற்று வட்டாரக் கோயில்களுக்கு ஓஸ்தி சுட்டுக் கொடுப்போம். ஓஸ்தி என்றால் பூசையில் கொடுக்கும் மெல்லிய கோதுமை அப்பம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் பேசலாம். மற்றபடி மௌனம். அந்த அரைமணியில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு விளங்காது.

வாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துன்பத்தோடுதான் வருவார்கள். கல்யாணத்துக்குச் சொல்ல எங்களிடம் யார் வரப்போகிறார்கள்? தோல் வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் அம்மா ஒருவர் செவ்வாய்தோறும் வந்து, வலிப்பு வரும் மகளுக்காக "துஆ செய்யுங்கம்மா" என்று சொன்னதும் எழுந்து போய்விடுவார். அகரத்துச் சம்சாரிகள் கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மழை கேட்பார்கள். உள்ளே இருக்கும் சிஸ்டரின் வீட்டார் வந்தால், பார்லர் என்று நாங்கள் சொல்லும் சந்திப்பு அறையில் உட்கார வைப்பேன். பார்லரின் நடுவில் இரும்புக் கம்பித் தடுப்பு. இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் அவள். வருஷத்துக்கு இரண்டு தடவை, தலைக்கு அரைமணி நேரம். கையை நீட்டினால் விரல் நுனி படும்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது சபை முழுவதுக்கும் உள்ள வழக்கமா, எங்கள் மதர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு சிஸ்டரின் தாயோ தகப்பனோ இறந்துவிட்டால் சேதி மதருக்கு மட்டும் போகும். மதர் எங்களைக் கூட்டி, "நம்மில் ஒருத்தியின் தகப்பனார் இறந்துவிட்டார்" என்று அறிவிப்பார். யாருடைய தகப்பனார் என்று சொல்ல மாட்டார். முப்பது நாள் ஒவ்வொருத்தியும் தன் சொந்தத் தகப்பனுக்குச் செய்வதுபோல மன்றாட வேண்டும். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்த ஒருத்தியைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார். அதுவரை யாரும் யாரையும் கேட்கக் கூடாது, ஊகிக்கவும் கூடாது. கேட்காமல் இருந்துவிடலாம். ஊகிக்காமல் எந்த மகள் இருப்பாள்?

எனக்கு அடுத்த இடத்தில் நின்று பாடியவளை ஆயக்குடிக்காரி என்றே இங்கே சொல்கிறேன். என்னைவிட ஐந்து வயது இளையவள். ஓஸ்தி சுடும் வேலை அவளுடையது. அடுப்பு முன்னால் நின்று நின்று முகம் எப்போதும் சிவந்திருக்கும். அவளுடைய தகப்பனார் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்தார். சீசனுக்கு ஒருமுறை கூடையோடு வருவார். வெட்கப்படுகிற மனிதர். கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அரைமணி முடிந்து நான் மணி அடித்தால்தான், "அப்புறம், நல்லா இருக்கியா பாப்பா?" என்று முதல் வார்த்தை வரும். இதற்காகவா பழனி பஸ்ஸில் இடிபட்டு வந்தீர்கள் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே போவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நின்ற ஒரு காலையில் அவளுடைய அண்ணன் வந்தான். கையில் கூடை இல்லை. அதைப் பார்த்ததுமே முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், எங்கய்யன் போயிட்டாருங்க" என்றான். "முந்தாநாளு. காய்ச்சல்னு படுத்தாரு, அஞ்சு நாள்தானுங்க. அடக்கம் பண்ணிட்டுத்தான் வாரேன். தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறனுங்க."

மதரைக் கூப்பிட்டேன். மதர் கடல் கடந்து வந்தவர். ஜெபப் புத்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவர். வாயைத் திறந்தால் அச்சடித்த தமிழ்தான் வரும். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மகனே, முப்பது நாள் பன்னிரண்டு பெண்கள் உன் தந்தைக்காகத் தங்கள் சொந்தத் தந்தைக்காக அழுவதுபோல் அழுவார்கள். அந்தப் பேறு எத்தனை தந்தையருக்குக் கிடைக்கும்?" என்றார். அவருக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. கல் நெஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய தகப்பனார் போர்க் காலத்தில் இறந்த சேதி அவருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வந்ததாம். தாம் தாங்கியதை எல்லாரும் தாங்குவார்கள் என்று நினைத்த மனுஷி அவர்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற குடும்பம். வாசற்படி இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "கடைசி நாள்ல மூணு தடவ கேட்டாருங்க சிஸ்டர். பாப்பா வந்துட்டாளா, பாப்பா வந்துட்டாளான்னு. நாங்க, வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னோமுங்க."

அவன் போய்விட்டான். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஓஸ்தி வேகும் வாசம் வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் மதர் அறிவித்தார். பன்னிரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். என் பக்கத்தில் நின்றவள், யாரோ ஒருத்திக்காக அத்தனை உருக்கமாக மன்றாடினாள். சாப்பாட்டறையில் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். பேச்சு நேரத்தில் யாரையும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மடத்தில் இடி விழுந்ததற்குச் சமம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், துணி காயப்போடும் கொடிக்குப் பின்னால் அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுன்னு தெரியுமுங்க. உங்கப்பாவுங்களா?"

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேரில் தகப்பனார் உயிரோடு இருந்தது நான்கு பேருக்குத்தான். ஒருத்தியின் தகப்பனார் பாலசமுத்திரத்திலிருந்து அதற்கு முந்தின நாள்தான் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இன்னொருத்திக்கு அன்று காலையில்தான் தகப்பனார் கையெழுத்தில் கடிதம் வந்திருந்தது. மீதி நானும் அவளும். நான் இல்லை என்றால் அவள். அதைக் கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க உண்மையில்லை. என் அப்பா அதே ஊரில், நடந்தால் இருபது நிமிஷத் தூரத்தில், ஆஸ்துமாவோடு உயிரோடு இருந்தார். ரிட்டையர்டு வாத்தியார். அவருக்கும் எனக்கும் ஒரே நாக்கு. அம்மா இறந்த வருஷம், ஒரு மாதம் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போ என்று கேட்டார். முடியாது, விதி இடம் கொடுக்காது என்றேன். சொந்த வீட்டார் வந்தால் வாசல் சிஸ்டரும் கம்பிக்கு உள்ளேதான் உட்கார வேண்டும். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சத்தம் போட்டுக்கொண்டோம். "இனி இந்தக் கம்பிக்கு முன்னால வந்து நிக்க மாட்டேன்" என்று எழுந்து போனார். போய் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஆகவே யாரோ ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, உங்கப்பாவுக்காக நான் மன்றாடுகிறேன் என்று அழுதபோது எனக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவள்போல வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் எனக்குச் செய்த உபசாரம் கொஞ்சமல்ல. என் தட்டில் தன் பங்கு வெஞ்சனத்தை வைப்பாள். என் ஜெப முறையையும் சேர்த்துத் தான் நிற்பாள். சிலுவைப் பாதை ஜெபம் செய்துவிட்டு வந்து, "அப்பாவுக்குத்தானுங்க அக்கா" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போவாள். அதோடு தினமும் ஒரு கேள்வி: "வாசல்ல எங்கய்யன் வந்தாருங்களா? சீசன் வந்துருச்சே, இந்த வாரம் வந்துருவாருங்க." அவருக்காக ஒரு கைக்குட்டை பூ வேலை செய்து வைத்திருந்தாள். மதரிடம் அனுமதியும் வாங்கியிருந்தாள். அதற்கு அனுமதி கொடுத்த மதரை என்ன சொல்ல? மறுத்தால் தெரிந்துவிடும் அல்லவா? விதியைக் காப்பாற்ற அவரும் என்னைப் போலவே பொய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

இரவில் தூக்கம் போனது. பகலில் முக்காலியில் உட்கார்ந்தபடி நாட்களை எண்ணினேன். ஒரு தடவை மதரிடம் போய், "சொல்லிவிடுங்கள் மதர், அவள் தினமும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்" என்றேன். "வாசலில் கேட்டது வாசலோடு, மகளே" என்றார்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் என் அப்பா வந்தார்.

பதினான்கு மாதம் வராத மனிதர். குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு இரைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றார். எனக்கு ஒரு கணம், செத்துப்போனவர் வந்துவிட்டார் என்றே தோன்றியது. இருபது நாளாக அவருக்குத் துக்கம் வாங்கிக்கொண்டிருந்தேனே. வாத்தியார் குரல் வேறு. மெதுவாகப் பேசத் தெரியாது.

"என்னத்தா, அப்பன் ஒருத்தன் இருக்கானா செத்தானான்னு விசாரிச்சியா? அம்புட்டு ரோஷமா உனக்கு? நான்தான் தோத்துட்டேன், போ. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். உள் கதவு திறந்திருந்தது. ஓஸ்தி டப்பாக்களை வாசலில் கொடுப்பதற்காக அவள் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். என் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல், தரையில் அடுக்கி வைத்தாள். அப்புறம் திரும்பி உள்ளே போனாள். அவள் நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

என் அப்பா அன்று என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. அவர் இறங்கி வந்த ஒரே நாள் அது, நான் அவருக்கு ஒழுங்காகப் பதில்கூடச் சொல்லவில்லை. "இன்னும் கோவம் தீரலையாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை குற்றம் சொல்லும் நாள். எல்லாரும் கூடியிருக்க ஒவ்வொருத்தியும் விதியை மீறியதைத் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சபை வழக்கப்படி அவள் வலது பக்கமாகத் தரையில் சாய்ந்து படுத்தாள். "யாருடைய தகப்பனார் என்று ஒரு சிஸ்டரிடம் கேட்டேன்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அடுத்தது என் முறை. நானும் தரையில் சாய்ந்தேன். "கேட்டவளிடம் என் தகப்பனார்தான் என்று நம்பும்படி இருந்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. ஒரு மூத்த சிஸ்டர் விசும்பினார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது, இப்போதாவது சொல்லிவிடுவார் என்று மதரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜெபமாலையின் சிலுவையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூன்று நாள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் தண்டனை கொடுத்தார். அவளை ஒரு சங்கீதம் ஓதச் சொன்னார். பிறகு, "முப்பதாம் நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எல்லோரும் மன்றாடுவோம்" என்றார்.

அந்த ஆறு நாளை நான் என்னவென்று எழுதுவது? தன் தகப்பன் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மாவு கரைத்தாள், அப்பம் சுட்டாள், வட்டம் வட்டமாக வெட்டினாள், பாட வேண்டிய நேரத்தில் பாடினாள். வாசலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மதர் அவளைக் கூப்பிட்டார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். பேச்சு நேரத்தில் நான் அவளிடம் போனேன். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். மூன்று தடவை கேட்டதையும், வந்துகொண்டிருக்கிறாள் என்று அவர்கள் சொன்னதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கோவமில்லீங்க அக்கா" என்றாள். "உங்கப்பாவுக்குன்னு நெனச்சு இருபது நாள் அழுதுட்டனுங்க. இப்ப எங்கய்யனுக்கு அழுகலாம்னு பாத்தா வர மாட்டேங்குது. உக்காந்து உக்காந்து பாக்குறேன். வரவே மாட்டேங்குதுங்க."

மடித்த துணியை வாங்கி அடுக்கினேன். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. சிஸ்டர் என்றாள். விதிப்படி அதுதான் சரி.

அறுபதுகளின் நடுவில் ரோமிலிருந்து புதிய ஒழுங்குகள் வரத் தொடங்கின. இலத்தீன் போனது, பார்லர் கம்பி போனது. பழைய மதர் இறந்து, வேறு மடத்திலிருந்து புது மதர் வந்தார். முப்பது நாள் வழக்கத்தை அவர் கேள்விப்பட்டு, அப்படியா என்று ஆச்சரியப்பட்டார். சாவுச் சேதி வந்தால் உடனே சொல்லலாம், வீட்டுக்கும் போய் வரலாம் என்று ஆனது. அப்படிப் போகக் கிடைத்த முதல் ஆள் நான்தான். ஒரு வைகாசி முற்பகலில் என் அப்பா இறந்தார். இடையில் இரண்டோ மூன்றோ தடவை வந்திருந்தார். நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டோம்.

சிஸ்டர்கள் வெளியே போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எங்கள் பழைய கதை புது மதருக்குத் தெரியாது. வரிசைப் பட்டியலைப் பார்த்து, எனக்கு அடுத்தவளைத் துணைக்கு அனுப்பினார்.

குதிரை வண்டியில் இருவரும் போனோம். வீட்டு வாசலில் செருப்பும் சனமுமாக இருந்தது. வாசலிலேயே இருந்து பழகிய புத்தி, முதலில் அவளை உள்ளே விட்டுவிட்டு நான் பின்னால் நின்றேன். நடுவில் பெஞ்சில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி, தாடையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, கோத்த கைகளில் ஜெபமாலை. என் தம்பி சவப்பெட்டி சொல்ல ஆசாரியிடம் போயிருந்தான். சுற்றி இருந்ததெல்லாம் என்னை இருபது வருஷமாகப் பார்க்காத உறவுக்காரப் பெண்கள்.

அகரத்துச் சித்திக்கு அப்போதே பார்வை மட்டு. வெள்ளை உடுப்பு உள்ளே வந்ததைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து ஆயக்குடிக்காரியைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டியாத்தா! உங்கப்பன் உன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. இப்ப வந்து நிக்கிறியே தாயி, கண்ணத் தொறந்து பாக்க மாட்டாரே!"

அவள் அப்படியே நின்றாள். நான் அவளைத் தொட்டு, சித்தி, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சித்தியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்கய்யா, எங்கய்யா" என்று அலறினாள். பெஞ்சின் பக்கத்தில் விழுந்தாள். என் அப்பாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை வைத்து, மூச்சு முட்ட அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருத்தி விசிறினாள்.

"மகளைப் பாத்தா மனசு ஆறல. நீங்க கூட வந்தவங்களா, சிஸ்டர்?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

"ஆமா" என்றேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் இருந்தது. பின்கட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டேன்.